மயிலாத்தாள் எரர்

போன வாரம் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சாப்பிட உட்கார்ந்தவன் போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். திருப்பிக் காட்டினான். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண்மணி திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம். கீழே ஆங்கிலத்தில், கோளாறு மெஷினில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது என்று போட்டிருந்தது. அவனுடைய ஆபீஸ் குரூப்பே அதற்குச் சிரித்துக் கிடந்தது.

"ஏம்மா, புரியலையா?" என்றான்.

புரிந்ததால்தான் ரசக் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். "அந்த நாக்காலில நானும் உக்காந்திருக்கேன் சாமி" என்றேன். "ஜோக்கும்மா, விடுங்க" என்றான். இந்த வார்த்தை இருக்கிறதே, இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் காது மடல் சுடும். பிள்ளையிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. உடுமலைப்பேட்டையில் தட்டச்சும், ஒரு மாடி ரூமில் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதை ஆன் பண்ணுவது, ஆஃப் பண்ணுவது, இரண்டுக்கும் நடுவில் பயப்படுவது. அதற்கே நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் என்னைக் 'கம்ப்யூட்டர் அக்கா' என்றார்கள்.

கம்பெனி முழுக்கச் சாயத்துணி வாசமும் அயர்ன் மேஜை நீராவியுமாக இருக்கும். காற்றில் பஞ்சு பறக்கும். சாயங்காலம் வெளியே வருகிற எல்லோருக்கும் தலை நரைத்த மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் ரூம் மட்டும் வேறு உலகம். ஏசி, தரைக்குக் கார்ப்பெட், பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். மொதலாளிகூட வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்து, மெஷினை எட்டி நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அந்த மெஷினுக்கு மயிலாத்தாள் வைத்த பேர் 'மாப்பிள்ளை'.

அவளும் நானும்தான் அந்த ரூமில். சோமனூர்ப் பக்கத்துப் பெண். அப்பா தறி ஓட்டினார். குலசாமி பேரை அவளுக்கு வைத்திருந்தார்கள். எந்த அட்டைப்பெட்டியில் எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை உருப்படி என்று பேக்கிங் லிஸ்ட்டும், பெட்டி மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரும் அடிப்பது அவள் வேலை. விரல் அப்படி ஓடும். மெஷின் நின்றுபோனால், "மாப்பள கோவிச்சுக்கிட்டாருங்க. ஏசி பத்தலயாமா, காப்பித்தண்ணி குடுத்துப் பாருங்க" என்பாள். பக்கத்து ரூமில் ஆர்டர் பார்க்கிற பையன்கள்கூட அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். பஞ்சு வருகிறது என்று நான்தான் விரட்டுவேன்.

எங்களுக்கு புரோகிராம் எழுதிக்கொடுத்தவன் கோயம்புத்தூர்க்காரன். கிஷோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவன் என்கிறேன், அப்போது சார். எங்களைவிட ரெண்டு வயதுதான் மூத்திருப்பான். சனிக்கிழமை சனிக்கிழமை பைக்கில் பிளாப்பி டப்பாவோடு வருவான். அவன் ஆபீஸில் அப்போதுதான் இன்டர்நெட் வந்திருந்தது. அதிலிருந்து ஜோக்குகளை நீளமாகப் பிரிண்ட் எடுத்து வந்து எங்கள் சுவரில் ஒட்டுவான். எல்லாமே கம்ப்யூட்டர் தெரியாத முட்டாள்களைப் பற்றியவை. எனக்குப் பாதி புரியாது. ஹாஸ்டலுக்கு எடுத்துப்போய் டிக்ஷனரி பார்ப்பேன். சனிக்கிழமை ஒட்டிய ஜோக்குக்கு எனக்குச் செவ்வாய்க்கிழமை சிரிப்பு வரும். அந்த முட்டாள்கள் யாரென்று மட்டும் டிக்ஷனரியில் இல்லை.

ஒரு தடவை புது புரோகிராம் போட்டுவிட்டுப் போனான். அது அடிக்கடி நின்றது. மயிலாத்தாள் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுபடியும் நின்றது, மறுபடியும் போட்டாள். அடுத்த சனிக்கிழமை வந்தான், என்னமோ தட்டினான், சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் அவள் ஒரு எண்ணை மாற்றி அடித்ததும் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில்: 'மயிலாத்தாள் எரர்! ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்.'

நான் தவறாக அடித்தாலும் அதேதான் வந்தது. மின்சாரம் போய் வந்தாலும் அதேதான். பக்கத்து ரூம் பையன்கள் வந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "மாப்பள நம்ம பேரச் சொல்ல ஆரம்பிச்சுட்டாருங்க" என்றாள்.

அந்தப் பேச்சு மத்தியானத்துக்குள் ரூமைத் தாண்டியது. கட்டிங்கில் துணி கோணலாகப் போனால் மயிலாத்தா எரர். சாயம் ஒரு பிடி கூடினால் மயிலாத்தா எரர். வேன் டிரைவர் பஞ்சர் ஆகி லேட்டாக வந்து, "மயிலாத்தா எரர் ஆயிப்போச்சுங்க" என்றார். கேன்டீனில் டீ வாங்க நின்றால் யாராவது ஒருவன் டம்ளரைத் தட்டிவிட்டு அதைச் சொல்லுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் டீக்குப் போவதை நிறுத்தினாள். மாப்பிள்ளை என்று சொல்வதையும் நிறுத்தினாள். அதை நான் கவனித்தபோது அந்த ரூம் ரொம்ப நாளாகவே அமைதியாக இருந்ததாகத் தோன்றியது.

தீபாவளிக்கு முந்தி ஒரு பெரிய ஷிப்மென்ட். சரக்கைப் பரிசோதிக்க மெட்ராஸிலிருந்து வந்தவர் ஒரு பெட்டியைப் பிரித்தார். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பெரிய சைஸ், உள்ளே சின்ன சைஸ். இன்னொன்றைப் பிரித்தார், அதிலும் அப்படியே. எல்லாப் பெட்டியையும் பிரித்துத் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டார். பேக்கிங் பெண்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மொதலாளி வந்தார். "யாரு பண்ணுன வேலை இது?" என்று ஒரே கத்து.

"மயிலாத்தா எரர்ங்க" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள், அந்த நேரத்திலும்.

மேற்கொண்டு யாரும் எதையும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? தப்பு நடப்பதற்கு முன்னாலேயே அதற்குப் பேர் வைத்தாகிவிட்டதே. பேக்கிங் பெண்களில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே, "உன்னாலதான் புள்ள, பண்டிகைக்குப் பலகாரஞ் சுடக்கூட ஊட்டுக்குப் போவ முடியல" என்று அழுதாள். மயிலாத்தாள் கம்ப்யூட்டர் ரூமுக்கு நடந்தாள். மெஷினில், தான் அடித்ததை எனக்குத் திறந்து காட்டினாள். திரையில் எல்லா சைஸும் சரியாகத்தான் இருந்தது. நான் பிரிண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் வந்தபோது சைஸ் மாறி வந்தது.

கிஷோரை வரச் சொன்னோம். வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தட்டினான். "புரோகிராம்ல ஒரு சின்ன பக்தான். சரி பண்ணிட்டேன்" என்று எழுந்தான்.

"அப்ப தப்பு அவ மேல இல்லீன்னு மொதலாளிகிட்டச் சொல்லுங்க சார்" என்றேன்.

"அதான் சரியாயிடுச்சே. இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு."

மயிலாத்தாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சார், இந்தத் தப்புக்கு உங்க பேர வெப்பீங்களா?"

அவன் சிரித்தான். "ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும்மா. எல்லா ஊர்லயும் புரோகிராமருங்க இப்படித்தான் விளையாடுவாங்க. ஹ்யூமர் சென்ஸ் வேணும்."

"எனக்குச் சிரிக்கத் தெரியுமுங்க சார். அந்தப் பேர எடுத்துருங்க."

அடுத்த சனிக்கிழமை எடுத்துவிடுவதாகச் சொன்னான். சனிக்கிழமை வந்தான், போனான். திங்கட்கிழமை அவள் வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றி அடித்துப் பார்த்தாள். சிவப்புத் திரை வந்தது. 'மயிலாத்தாள் கோபமாக இருக்கிறாள்! ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்.'

அவள் ஒரு கீயையும் அழுத்தவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வர்றனுங்க" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திரும்ப வரவில்லை.

நான் மொதலாளி ரூமுக்குப் போனேன். அவர் முன்னால் அதுவரை உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. என்ன பேசினேன் என்று வரிசையாக ஞாபகமில்லை. குரல் கீச்சென்று போனது மட்டும் ஞாபகமிருக்கிறது. ஸ்டிக்கர் தப்பு யாருடையது என்று சொன்னேன். அந்தப் பேர் மெஷினில் இருக்கும்வரை நானும் அதைத் தொடமாட்டேன் என்றேன்.

"சரி அம்மிணி, சத்தம் போடாத. ஒரு புள்ள போச்சுன்னா வேற புள்ள வருது. அந்தக் கோயம்புத்தூர்க்காரரு போய்ட்டா கம்ப்யூட்டர யாரு பாக்கறது?" என்றார். கெட்டவர் இல்லை. அதற்காக எனக்கு ஆத்திரம் குறையவில்லை. இருந்தாலும் போனை எடுத்துக் கோயம்புத்தூருக்குப் பேசினார். திரையிலிருந்து பேர் போனது. தப்பு யாருடையது என்பதை மட்டும் அவர் பேக்கிங்கில் போய்ச் சொல்லவே இல்லை. நான் சொன்னேன். "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டு துணியை மடித்தார்கள்.

திரையிலிருந்து போனால் போதுமா? வாயிலிருந்து போகவேண்டாமா? நான் கல்யாணமாகி வேலையை விட்டு, பல வருஷம் கழித்து வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே ஒரிசாவிலிருந்து வந்த தையல்காரர் ஒருவர் நூல் அறுந்ததும் பக்கத்து ஆளிடம், "மைலாத்தா எரர்" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். மெஷின் ரிப்பேரை இங்கிலீஷில் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று சூப்பர்வைசர் எனக்கு விளக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்தில் ஒரு ஆளும் அகப்படவில்லை.

இப்போது அதுவும் இல்லை. அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. பிளாப்பி என்றால் மகனுக்குத் தெரியாது. கிஷோர் அமெரிக்கா போய்விட்டதாகக் கேள்வி. மயிலாத்தா எரர் என்று சொல்ல இன்றைக்கு ஒருவரும் மிச்சமில்லை.

சென்ற வைகாசியில் உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எதிர் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். உடம்பு போட்டிருந்தது, கண்ணாடி வந்திருந்தது, ஆனால் அவள்தான். "மயிலாத்தா!" என்று என்னை மீறிக் கத்திவிட்டேன்.

அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் கேட்டார்கள் என்று பார்த்தாள். பிறகுதான் என்னைக் கண்டு எழுந்து ஓடிவந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கூட்டிப்போனாள். பிள்ளைகள், மருமகள், சர்க்கரை, முட்டிவலி என்று எல்லாம் பேசினோம். பழைய கம்பெனியைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் தூரத்திலிருந்து, "மைதிலி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டார். அவள் திரும்பி, "வர்றனுங்க" என்றாள்.

போகும்முன் என் போனை வாங்கி அவளுடைய நம்பரை ஏற்றிக்கொடுத்தாள். விரல் இன்னும் அப்படியே ஓடியது. பேரையும் அவளே அடித்தாள். மைதிலி. ஒரு எழுத்து தப்பவில்லை.