அண்ணன் துடைத்த வண்டி

அந்தத் தெருவில் அவளுக்கு மெஷினக்கா என்று பெயர். கார் கழுவும் கொட்டகையின் முன்பாதி கணவருடையது; குழாயும் வாளியும் நுரையும் அங்கே. பின்பாதி அவளுடையது. அங்கே தரை ஈரமாக இருக்காது, மின்விசிறி ஓடாது, பறந்து வந்து ஒட்டும் எதற்கும் இடமில்லை. அவருக்கு வாய் ஓயாது, இவளுக்குக் கை ஓயாது என்பார் எதிர்க்கடை டயர்காரர்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் நாலு பேர் காலைப் பிடித்து வாங்கித் தந்த வேலை அது. உட்கார்ந்தே இருந்ததில் அவளுக்கு மூச்சு முட்டியது. கல்யாணமான கையோடு அதை விட்டுவிட்டு, கணவரின் கொட்டகையில் சும்மா கிடந்த பாலிஷ் மெஷினை எடுத்தாள். “ஃபேனுக்குக் கீழே உட்கார வெச்சா, போய் ஊரான் வண்டியத் தேய்க்கிறா” என்று சொன்னதுதான் அண்ணன் அவளைப் பற்றிக் கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம். அன்றிலிருந்து நேர்ப்பேச்சு கிடையாது. குடும்பத்தில் எங்கே பார்த்துக்கொண்டாலும் எல்லாம் மாப்பிள்ளை வழியாகத்தான் போய்வரும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை தன் கறுப்புக் காரோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“மாப்பிள்ளை, வெயில்ல நிறுத்தினா சிலந்தி கூடு கட்டின மாதிரி வளையம் வளையமாத் தெரியுது. பெயின்ட்காரன் பானெட்டையே திரும்ப அடிக்கணுங்கிறான். அவ என்ன சொல்றான்னு கேளுங்க.”

அவள் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். கணவர் கடமை தவறாமல் திரும்பினார். “அண்ணன் என்ன கேக்கறார்னா...”

“கேட்டுச்சு. திரும்ப அடிக்க வேண்டாம், மெஷின்லயே போயிடும்னு சொல்லுங்க.”

“போயிடுமாம், மச்சான்.”

“எனக்கும் காது இருக்கு, மாப்பிள்ளை” என்று சாவியை அவர் கையில் வைத்துவிட்டு அண்ணன் நடந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்னதும் மாப்பிள்ளையிடம்தான்.

வண்டியைக் கழுவி உலர்த்திப் பின்பாதிக்குக் கொண்டுவந்ததும் அவள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். பெயின்ட்மேல் இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சில் முடியைவிட மெல்லிய கீறல்கள், வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் கட்டி நின்றன. கதவுகளில் இருந்தன. பானெட்டில் அடர்த்தியாக இருந்தன. கூரையின் ஓரங்களில் இருந்தன. கூரையின் நடுவில் மட்டும் ஒன்றுகூட இல்லை. புதுவண்டி போல அப்படியே இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் குள்ளம். அங்கே அவர் கை எட்டாது.

யாரோ செய்த காரியமல்ல இது. தினமும் காலையில், தண்ணீர் காட்டாமல், தூசியோடு சேர்த்து உலர்ந்த துணியால் அவரே துடைத்துத் துடைத்து வந்தது. எதிலும் ஒரு பொட்டுத் தூசி பொறுக்காத மனிதர்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார்.

“சொல்லாதே” என்றார் மெதுவாக. “எடுத்துக் குடு. துடைச்சுக்கிட்டே இருப்பார், கோடு விழுந்துக்கிட்டே இருக்கும். திரும்பத் திரும்ப இங்கதான் வருவார். உனக்கும் அதானே வேணும்?”

அதுதான் வேண்டும். அண்ணன் வந்து நிற்க வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும், அது யார் வழியாக வந்தாலும் சரி. ஆனால் மெஷின் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம்வரை சுற்றிலும் உள்ள பூச்சைச் சீவி மட்டமாக்குகிறது. ஒவ்வொரு முறையும் பூச்சு மெலியும். அண்ணனை வரவழைக்க அண்ணன் வண்டியின் தோலை உரிக்க வேண்டும். இதைக் கணவரிடம் சொல்லவில்லை, அவருக்கும் தெரியும்.

ரப்பர் விளிம்புகளுக்கும் பூச்சு மெலிந்திருக்கும் மடிப்புகளுக்கும் டேப் ஒட்டினாள். பானெட்டின் ஒரு மூலையில் முதலில் மெஷினில் மிருதுவான பஞ்சு வட்டை மாட்டி, பாலிஷ் பசையை இட்டுச் சோதித்துப் பார்த்தாள். அதுவே போதும் என்று தெரிந்ததும் முரட்டு வட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டாள். மெஷினை மெல்ல ஓடவிட்டுப் பசையைப் பரப்பி, வேகத்தைக் கூட்டி, குறுக்கும் நெடுக்குமாக, முந்தைய தடத்தில் பாதி ஏறும்படி நகர்த்தினாள். சூடேறுகிறதா என்று அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். துடைத்து விளக்கைக் காட்டியபோது விளக்கு மட்டும் தெரிந்தது.

அண்ணன் வந்தபோது வண்டி வாசலில் மாலை வெயிலில் நின்றது. இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

“பரவாயில்ல, மாப்பிள்ளை” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. கணவர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி போனது. பானெட்டில் மெல்லிய தூசி படிந்தது. அண்ணன் பைக்குள் கையை விட்டு ஒரு துணியை உருவி, பழக்கத்தில், ஒரு வீச்சு வீசினார்.

“அண்ணா, துணிய எடு.”

அவர் கை அப்படியே நின்றது. மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

“அந்தத் துணிதான் எல்லாத்துக்கும் காரணம்” என்றாள். “தூசியோட சேர்த்துத் தேய்க்கிற. மணல் தாள் போட்ட மாதிரி.”

“நான் தேய்க்கிறேனா? கொழந்த கன்னத்தத் துடைக்கிற மாதிரி துடைக்கிறேன்டி!”

அந்த ‘டி’ காதில் விழுந்ததும் கணவர் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

“கூரை நடுவுல ஒரு கோடு இல்ல. ஏன்? அங்க உன் கை எட்டல.”

“நான் குள்ளம்னு சொல்றியா?”

“வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து சொல்றேன்.”

டயர்காரர் அங்கிருந்தே சிரித்தார். அண்ணன் அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் துணியைப் புரட்டிப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. அதனால்தான் அவருக்கு நம்பிக்கை.

“கோடு விழுந்தா என்ன, திரும்ப எடுத்துட்டாப் போச்சு. அதுக்குத்தானே மெஷின் வெச்சிருக்க?”

“எடுக்க எடுக்கப் பூச்சு கொறையும். இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை தாங்கும். அப்புறம் நான் இல்ல, யாராலயும் முடியாது.”

“அப்போ இனிமே இங்க வர வேண்டாங்கிற.”

குரலில் பழைய விறைப்பு ஏறிவிட்டது. மதியமெல்லாம் அவள் பயந்தது இதற்குத்தான்.

“வண்டி வர வேண்டாம்” என்றாள்.

அண்ணன் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “வண்டி இல்லாம இவ்வளவு தூரம் எப்படி வர்றது?” என்றார்.

“பஸ் இருக்கே, மச்சான்” என்றார் கணவர்.

“நீங்க சும்மா இருங்க” என்று அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவருக்கு அன்று அதைவிட இனிப்பாக எதுவும் காதில் விழவில்லை.

இப்போது வீசிய வீச்சில் பானெட்டின் நடுவில் மூன்று நான்கு கோடுகள் விழுந்திருந்தன. வண்டியைத் திரும்ப உள்ளே தள்ளி, தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவி உலர்த்தினார்கள். அவள் விளக்கை அண்ணன் கையில் கொடுத்தாள்.

“கொஞ்சம் சாய்ச்சுப் பிடி.”

“சாய்ச்சுத்தானே பிடிச்சிருக்கேன்.”

“என் கண்ணுல அடிக்குது.”

“அப்போ சொல்லணும்ல.”

மெஷின் ஓடத் தொடங்கியது. சத்தத்துக்கு மேல் அவர் ஏதோ கேட்டார். அவள் நிறுத்தினாள்.

“என்ன?”

“காலையில தூசி இருந்தா அப்போ என்னதான் பண்றது?”

“தண்ணி ஊத்து. இல்ல, அப்படியே ஓட்டு.”

“தூசியோடவா?” என்றார் அண்ணன், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர் போல.

அவள் மெஷினைத் திரும்பவும் ஓடவிட்டாள்.