படகுக்கு ஒரு பதில்

எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரையில், சங்கு குளிப்போரின் காது நோய்க்கென்று ஒரு சிறு மருத்துவ நிலையம் இயங்கிவந்தது. புதிய சொட்டு மருந்து பலிப்பதாக உறுதிப்பட்டால், ஆளுக்கொரு சீசா கொடுத்துவிட்டு நிலையத்தை மூடிவிடுவது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அங்கே கணக்கு போட்டவன் நான். புள்ளியியலைப் பழைய புத்தகங்களிலிருந்து நானாகவே கற்றிருந்தேன்.

வலியை நான்கு படிகளாக வகுத்திருந்தோம்: இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை. படிகளுக்கிடையே உள்ள தூரம் சமமன்று; ஆதலால் சராசரி எடுக்காமல், எந்தப் படியில் எத்தனை பேர் என்றே பார்த்தோம். அதுவரை நேர்மைதான்.

மருந்துக் காலம் முடிந்ததும் குளிப்போர் படகு படகாக வந்தார்கள். முதலில் அமர்ந்தவர் சம்மாட்டி. படகின் தலைவர் அவரே. மருந்துக்கு முன் நடுத்தரம் என்றிருந்தவர், இப்போது லேசு என்றார். இருமுறையும் படகு முழுவதும் அவர் சொன்னதையே சொன்னது; மற்றப் படகுகளும் அப்படியே. தலைவரிலிருந்து மாறிப் பேசுவது மரியாதைக் குறைவு. கூடுதலாக வலிக்கிறது என்பவனைக் கரையிலேயே விட்டுவிடுவதும் வழக்கம்.

ஓர் இளைஞனின் காதிலிருந்து சீழ் வழிந்து சட்டைக் கழுத்தை நனைத்திருந்தது. அவனும் லேசு என்றான்.

"ஏலே, ஒன் சட்டையப் பாத்துட்டுச் சொல்லு," என்றேன்.

"சம்மாட்டிக்கு லேசுன்னா எனக்கும் லேசுதான் அண்ணாச்சி."

"தேனு வடியுதுன்னு எழுதுங்க அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்தவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு படகுக்கு ஒரே வாய் என்றால், ஆட்களை எண்ணுவது மோசடி. கணக்கில் நேரக்கூடிய பிழையின் எல்லை பொய்யாகக் குறுகி, முடிவு உறுதியானதுபோல் தோன்றும். படகுக்கு ஒரு பதில் என்று எண்ணிப் பார்த்தேன். மருந்து பலித்ததா இல்லையா என்றே சொல்ல இயலாத அளவுக்கு அவ்வெல்லை விரிந்தது. கணக்குத் தாளை நிலைய மருத்துவரிடம் நீட்டினேன்.

"எனக்குத் தெரியாதாய்யா? சந்தேகம்னு எழுதுனா இன்னும் ஒரு வருஷம் இந்த நாத்தத்துல கெடக்கணும். ஆளையே எண்ணும்."

அறியாமல் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அறிந்தே சொன்னார். மறுத்தேன். அவர் என் தாளைக் கசக்கி, சீழ் துடைத்த பஞ்சுகள் கிடந்த வாளியில் எறிந்துவிட்டுத் தாமே கணக்கு போட்டார். மருந்து ஐயமின்றிப் பலிப்பதாக அறிக்கை போயிற்று. நிலையத்தைப் பூட்டினார்கள்.

அடுத்த குளிப்புக் காலத்தில் அந்த இளைஞன் காலிச் சீசாவோடு பூட்டிய கதவருகே நின்றிருந்தான். அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். என் வாயையே உற்றுப் பார்த்தான்.

"என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

உரக்கச் சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டான்.