புரட்டாசியில் முட்டைப் புத்தகம்

உலகத்தில் எவனோ வேலையற்றவன் ஒருவன் கழுதைக்கு ஒரு தினம், தூக்கத்துக்கு ஒரு தினம், இடக்கைக்காரர்களுக்கு ஒரு தினம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறான். அவனைவிட வேலையற்ற ஒருவன் மல்லசமுத்திரத்தில் அதையெல்லாம் விடாமல் கொண்டாடுகிறான் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறாள். கொண்டாட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் அந்த நாளுக்குத் தோதாக என் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகம். பக்கத்தில் ஒரு சிலேட்டு: ‘இன்று உலகக் கழுதை தினம். யாரும் எடுத்துப் படிக்கலாம். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் மரியாதை கெட்டுவிடும்.’

புத்தகமெல்லாம் நான் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திய காலத்தில் சேர்ந்தவை. காகித மில்லுக்குக் கூழாகப் போகிற பழைய பேப்பர் லோடு வந்து நிற்கும். மூட்டைக்குள் கையை விட்டு, அகப்பட்டதை உருவிக்கொள்வேன். அட்டை போனது, பூச்சி அரித்தது, முதல் நாற்பது பக்கம் இல்லாதது, எதுவானாலும் சரி. “ஏனுங்க, எலியாட்டம் பேப்பருக்குள்ளயே பூந்துக்கறீங்க” என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவர்கள் அப்பன் வீட்டுப் பேப்பரா?

கழுதை தினத்துக்கு ஒரு கால்நடை வைத்தியப் புத்தகம் வைத்தேன். கழுதைக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. பால்காரர் அதைப் போனில் படம் பிடித்துத் தன் மச்சானுக்கு அனுப்பி, அன்றே அவரோடு சண்டை கட்டிக்கொண்டார். தூக்க தினத்துக்குக் கனவுப் பலன் புத்தகம். தெருவில் பாதிப் பேர் வந்து தங்கள் கனவைத் தேடிப் பார்த்துவிட்டு, முகம் செத்துப்போய்த் திரும்பினார்கள்.

ஊருக்கு அறிவு வளர்க்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். அது சுத்தப் பொய். என் எதிர்வீடு அக்கா வீடு. அக்கா என்னோடு பேசி நாலு வருஷம் ஆகிவிட்டது. அச்சடித்த எதைக் கண்டாலும் நின்று படிக்காமல் நகராதவள் அவள். மிக்சர் மடித்த காகிதத்தைக்கூட விடமாட்டாள். அப்படிப்பட்டவள் என்றைக்காவது தெருவைத் தாண்டி வந்து, என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்பதற்குத்தான் இத்தனை கூத்தும்.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவள் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமனான என் பேரைச் சித்தப்பன்மார்களுக்கெல்லாம் கீழே போட்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மணவறைப் பக்கமே போகாமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதோடு நின்றது பேச்சு.

சுத்தமாக நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அக்கா தன் நாயிடம் சொல்வாள். கழுதை தினத்தன்று வாசல் கூட்டிக்கொண்டே, “பாத்தயா சாமி, கழுதைக்கு நாளு கொண்டாடறாங்க. இனம் இனத்தோடதான சேரும்” என்றாள். நாய் வாலை ஆட்டியது. தூக்க தினத்தன்று, “பொழுதுக்கும் குறட்ட உடற ஊட்டுல அதுக்குன்னு தனியா ஒரு நாளாமா” என்றாள். அதற்கும் ஆட்டியது. நான் மட்டும் சளைத்தவனா? உள்ளே இருக்கும் என் மனைவியிடம் சொல்வதுபோல் தெருவுக்கே கேட்கப் பதில் கொடுப்பேன். நாலு வருஷமும் இப்படியே ஒரு நாயும் என் மனைவியும் நடுவில் நின்று பிழைத்தார்கள்.

அப்புறம்தான் உலக முட்டை தினம் வந்தது. வருஷா வருஷம் அது அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமையில் வரும், அதாவது புரட்டாசி முடிவதற்குள்ளேயே. வெளிநாட்டுக்காரனுக்குப் பெருமாளோடு என்ன பகையோ தெரியவில்லை. எங்கள் நாமக்கல் சீமையே முட்டையில் பிழைக்கிறது. அந்த ஒரு மாதம் மட்டும் பெருமாளுக்கு விரதம் என்று ஒருத்தரும் முட்டையைத் தொடமாட்டார்கள். எனக்கு இது தெரியாதா? நானே விரதம்தான். ஆனாலும் கோழிப்பண்ணை ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வருஷமும் முட்டை தினத்தை விடுவதா என்று ஒரு வீம்பு. சும்மா போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன்.

பழைய சமையல் புத்தகம் ஒன்று கிடைத்தது. முழுக்க முட்டைதான், முட்டைப் பாயசம்கூட இருந்தது. படிக்கிறவர்களுக்கு ருசியும் தெரியட்டும் என்று ஒரு அட்டை முட்டையை வேகவைத்தேன். “அந்தக் கருமத்த அடுப்படிக்குள்ள கொண்டாந்தீங்கன்னா நானு எங்கூருக்குப் போயிருவேன்” என்று மனைவி விரட்டியதால், கொல்லையில் மூன்று செங்கல் வைத்து வேகவைக்க வேண்டியதாயிற்று.

உரித்த முட்டைகளைத் தட்டில் அடுக்கி, மிளகுத்தூள் தூவி, நாற்காலியில் புத்தகத்தோடு வைத்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. கோழிப்பண்ணை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வண்டியை நிறுத்தினார். “ஏனுங்க மாமா, இந்த மாசம் வெல எறங்கி நானே வயிறெரிஞ்சு கெடக்கறனுங்க. நீங்க வேற இப்படிக் காட்டறீங்க.”

“ஒண்ணு எடுத்துக்கங்க மாப்ள.”

“ஐயையோ, வெரதமுங்க!” வண்டி பறந்துவிட்டது.

எதிரே அக்கா, மறுநாள் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவதற்காக வீடு வாசலெல்லாம் கழுவிவிட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய நாய் மெதுவாகத் தெருவைத் தாண்டி வந்தது. நான் கையை ஓங்குவதற்குள் ஒரு முட்டையைக் கவ்வியது. திரும்பிப் போய், ஈரக் கோலத்தை மிதித்து, அக்கா காலடியிலேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

அக்கா நாயைப் பார்த்தாள். வழக்கப்படி அதனிடம்தான் என்னைத் திட்ட வேண்டும். ஆனால் திருடியதே அதுதான், வாய் நிறைய முட்டை வேறு. கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“டேய்!”

என்னைப் பார்த்துத்தான்.

“அறிவுன்னு ஒண்ணு இருக்குதாடா உனக்கு? நாளைக்கு நானு தளிகை போடோணும். கழுவி உட்ட வாசல்ல முட்ட நாத்தம்! வயசாக வயசாகப் புத்தி கழண்டுக்கிட்டே போவுதா?”

தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். எனக்கு வெட்கமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என்னை ‘டேய்’ என்று கூப்பிட இந்த உலகத்தில் அவளைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

“இளிக்கற? நீ தின்னயாடா இத?”

“இல்ல. வெரதம்.”

“அப்பறம் எந்த நாய்க்குடா அடுக்கி வெச்ச?”

“உனக்குத்தான்” என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். “முட்டையச் சொல்லல. பொஸ்தகத்தச் சொல்றேன். கழுதப் பொஸ்தகம், கனாப் பொஸ்தகம், அத்தனையும் நீ வந்து பாப்பேன்னுதான் வெச்சேன்.”

அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோலமாவு கன்னத்தில் அப்பிக்கொண்டது.

“பொஸ்தகம் வெச்சயே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அக்கான்னு கூப்பிட்டயாடா? நானும் இந்த வாசல்லயேதான நின்னேன். வாசக் கூட்டறதுக்கு அத்தன நேரமாடா ஆவும்?”

நாற்காலியைத் தாண்டித் தெருவில் இறங்கினேன்.

“அக்கா” என்றேன்.

“என்னடா” என்றாள்.