வெயிலுக்கா, வெட்கத்துக்கா

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மொட்டை போட்டார்கள். டெங்கு காய்ச்சலில் கிடந்து பிழைத்தது என் அண்ணன். அவன் பிழைத்ததற்கு என் இடுப்புவரை தொங்கிய முடி ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அவன் இப்போதுதான் எழுந்து நடக்கிறான், தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார்கள். என் தலையில் மட்டும் கோத்துக்கொள்ளாதாம்.

அம்மாவின்மேல்தான் எனக்கு அத்தனை கோபமும். கோயிலில் முடி இறக்கும் இடத்தில் நான் திமிறியபோது என் தலையை அழுத்திக் குனிய வைத்தது அவள் கைதான். அழுதுகொண்டே அழுத்தினாள். எனக்கு அது நடிப்பாகத்தான் பட்டது.

தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள், தேரடித் தெருவில் அப்பாவிடம் தொப்பி கேட்டேன்.

"வெயிலுக்கா, வெக்கத்துக்கா?" என்றார் அப்பா.

வெயிலுக்கு என்றேன். சிரித்தார். கிரிவலம் வருகிறவர்களுக்காகக் கடை வாசலில் தொங்கவிட்டிருந்த நீலத் தொப்பி ஒன்றை வாங்கி, அவரே என் தலையில் மாட்டிவிட்டார். அந்த வீட்டில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

வெயில் என்பது சுத்தப் பொய். சாப்பிடும்போதும் படுக்கும்போதும்கூட நான் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை. பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். வெட்கமாவது மண்ணாவது. திருவண்ணாமலையில் மொட்டைக்கா பஞ்சம்? வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்காமல் கொள்ளாமல் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, நேர்ந்துகொண்டு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாய் என்று அம்மாவை மெச்சினார்கள். முடி என்னுடையது, பேர் அவளுக்கு. இனி இந்தத் தலையை ஒருத்தரும் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்றுதான் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியம்மா வந்த அன்று அம்மா பொறுமை இழந்தாள். சாமிக்குக் கொடுத்த தலையை மூடி வைக்கக் கூடாது என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் தொப்பியைப் பிடுங்கினாள். நான் அவள் கையைக் கடித்துவிட்டேன்.

"உன் முடிய குடுக்க வேண்டியதுதானே? என்னுத எதுக்குக் குடுத்த?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பதில் சொல்ல முடியாமல் போகிறாள் என்று எனக்கு ஒரே திருப்தி. முடி மறுபடி வளர்ந்த பிறகும் அதை வார அவளை விடவில்லை. அப்பாவே எனக்குக் கோணல் மாணலாகப் பின்னிவிட்டார்.

போன மாதம் அண்ணன் தன் மகளுக்கு மொட்டை போடப் போவதாகச் சொன்னான். எதற்கோ ஒரு வேண்டுதலாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவனை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டு பழசையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"நான் என் முடியத்தான் வேண்டிக்கினேன். உங்கப்பாதான், 'நான் உசுரோட இருக்கறப்ப நீ மொட்டையோட நின்னா பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க, பொண்ணுக்குப் போடு, அதுக்கு வளந்துடும்'னார்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நீ அவர்மேல உசுரா இருந்த," என்றாள்.

இப்போது சண்டை போட அப்பா இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. தொப்பி எனக்கு எதற்கு என்று பதினோரு வயதிலேயே எனக்குத் தெரியும். கேட்டதும் மறுபேச்சில்லாமல் அவர் ஏன் வாங்கித் தந்தார் என்று மட்டும் யோசிக்கத் தெரியவில்லை. வெயிலுக்கா வெட்கத்துக்கா என்ற அந்தக் கேள்வியை நான்தான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.