வீட்டுக்கு ஒரு தேதி, பள்ளிக்கு ஒரு தேதி

எனக்கு இரண்டு பிறந்தநாள். கார்த்திகையில் வருவது வீட்டுக்கு. ஜூன் ஒன்றாம் தேதி வருவது பள்ளிக்கூடத்துக்கு. ஐந்து வயது நிரம்பாத என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்ததைத்தான் அம்மாவும் செய்தாள். பிறந்த தேதியை ஐந்து மாதம் முன்னால் தள்ளி எழுதிக் கொடுத்தாள். என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அன்றைக்கு இராஜபாளையத்தில் பிரசவம் பார்க்க ஆள் போதாமல் திண்டாடியிருப்பார்கள். "யார் கேட்டாலும் ஜூன் ஒண்ணுன்னுதான் சொல்லணும், என்னட்டி?" என்று அம்மா ஒரு வாரம் எனக்குப் பாடம் நடத்தினாள்.

அம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. என்னைப் பெறுவதற்காக அவள் எடுத்த பேறுகால விடுப்பை, பணிப்பதிவேட்டில் யாரோ ஒரு மகராசன் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதிவைத்துவிட்டார். அதனால் இன்கிரிமென்ட் தள்ளிப்போய், வருஷா வருஷம் சம்பளம் குறைந்தே வந்தது. நான் நான்காம் வகுப்புக்கு வந்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. திருத்தினால் அரியர் மொத்தமாக வரும். அப்பா வேலை பார்த்த நூல் மில்லை மூடியபோது அடகுக்குப் போன தாலிச்சங்கிலி மூழ்கும் தறுவாயில் இருந்தது. அந்த அரியர் ஒன்றைத்தான் அம்மா நம்பியிருந்தாள்.

சம்பளமில்லா விடுப்பைத் திருத்துவதற்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்கு அலைந்தாள். காலாண்டு லீவில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாள். ஃபைல் கண்காணிப்பாளரின் மேஜைக்கு வந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்றார்கள்.

அவர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். என் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினார். அதில் பெண் குழந்தை என்று மட்டும் இருந்தது. பெயரைப் பிறகு பதிந்துகொள்ளலாம் என்று அம்மா விட்டிருந்தாள். பேனாவைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இவதான் அந்த லீவா? என்னைக்குப் பாப்பா ஒனக்குப் பொறந்தநாள்?"

நான் கையைக் கட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவரிடம் ஒப்பிக்கும் குரலில், ஜூன் ஒன்று என்று வருஷத்தோடு சேர்த்துச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "ஜூன்ல பொறந்த புள்ளைக்கு நவம்பர்ல எதுக்கும்மா பிரசவ லீவு?"

"அது பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த தேதி சார். நெசமாப் பொறந்தது கார்த்திகைதான். சர்டிபிகேட்ல இருக்குல்லா சார்."

"அதுல புள்ள பேரே இல்லயே. ஆஸ்பத்திரியில வேல பாக்குற ஆளுக்கு இந்தத் தாள வாங்க எம்புட்டு நேரமாவும்? சரி, பள்ளிக்கூடத்துக்குப் பொய் சொன்னேன்னு எழுதிக் குடு. பொறவு மெமோ வந்தா எங்கிட்ட வந்து நிக்காத."

எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து, கொடுக்காவிட்டால் பணமில்லை. அம்மா மனுவைத் திருப்பித் தந்துவிடும்படி அவரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சங்கிலி அந்த மாதமே மூழ்கியது. அம்மா ஓய்வுபெறும்வரை யாரும் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை. அவளுடைய ஓய்வூதியத் தாள்களை நான் பூர்த்தி செய்து கொடுத்தபோதுதான் குறைந்துபோன தொகையைப் பார்த்தேன். அன்று அந்த அறையில் நடந்தது என்ன என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட அவள் அதை என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் தெருக்குழாயடியில் நான் எத்தனை பேரிடம் அளந்தேன்! ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய ஆபீசர் கேள்வி கேட்டார், பயப்படாமல் டக்கென்று பதில் சொன்னேன் என்றேன். "ஒம் மக பெரிய கெட்டிக்காரிதான்க்கா" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஆமா, சொல்லிக்குடுத்தத மறக்க மாட்டா" என்றாள்.

அவள் என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்து, நான் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.