இணைச்சீருக்கு உதவாத மைல்கள்

எங்கள் வீட்டில் பல் துலக்குவது விமானக் கம்பெனி கொடுக்கும் பற்பசையில்தான். சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குழாய். நாலு தரம் பிதுக்கினால் காலி. என் கணவர் ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும் அதையும், கூடவே ஒரு ஜோடி மெல்லிய காலுறையையும் கொண்டுவந்து குளியலறை அலமாரியில் போடுவார். ஹாம்பர்க்கில் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு விமானமே ஏறாத நான், குளிர்காலம் பூராவும் விமானக் காலுறையை மாட்டிக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். முதல் வருஷம் இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன். இரண்டாம் வருஷம் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு பனியன் இறக்குமதி செய்யும் ஒரு ஜெர்மன் கம்பெனியில் வேலை. திருப்பூரில் தைக்கிற துணியின் தரம் பார்க்க அடிக்கடி அங்கே போய்வர வேண்டும். கொடுமையைப் பாருங்கள், நான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் போய்வருவது அவர். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஊரில் உட்கார்ந்திருப்பது நான். போன இடத்தில் மங்கலம் ரோட்டில் இருக்கும் என் அம்மா வீட்டில்தான் சாப்பாடு. திரும்பி வந்ததும் "அம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்க?" என்று ஆசையாகக் கேட்பேன். "சேலைதான் கட்டியிருந்தாங்க" என்பார். இந்த மனுஷனிடம் இதற்கு மேல் என்னத்தைக் கேட்பது?

தொண்ணூறுகளின் நடுவில் அந்த விமானக் கம்பெனி அவருக்கு ஓர் அட்டை அனுப்பியது. பறக்கிற தூரமெல்லாம் அவர் பெயரில் மைல்களாகச் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் இலவசமாக ஒரு டிக்கெட், யார் பெயரில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போனில் அம்மாவிடம் விளக்கினேன். "மைலேஜுங்கறது வண்டிக்குத்தான கண்ணு பாப்பாங்க?" என்றாள். எனக்கு அது டிக்கெட்டாக மட்டும்தான் தெரிந்தது. ஒரு டிக்கெட்டுக்கு வேண்டியது சேர்ந்த அன்றே நான் கேட்டேன்.

"ஏனுங்க, இப்பவே எடுத்துப் போட்டா நான் ஒருக்கா போய்ட்டு வந்தர்லாமுங்க."

"செத்த பொறு புள்ள. இதும் கோட்டா மாதிரிதான். கையில வெச்சிருக்கறவனுக்குத்தான் மவுசு."

திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிநாட்டுக்கு இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்று அரசாங்கம் கொடுக்கும் அளவுக்குப் பெயர் கோட்டா. ஆர்டர் இருந்து கோட்டா இல்லாதவன் கடைசி நேரத்தில் அலைவான்; கோட்டாவைப் பத்திரமாக வைத்திருந்தவன் அன்றைக்கு ராஜா. அந்த ஊரில் தொழில் படித்த என் கணவருக்கு எதையும் வைத்திருந்தால்தான் அழகு. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் ரெண்டு பேரும் போகலாம், இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் முன்வரிசை அகல சீட்டில் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சம்பளத்தில் வாடகை போக டிக்கெட் வாங்குவது ஆகாத காரியம். எனக்கு வேலை பார்க்க விசாவில் அனுமதி இல்லை. எனக்கென்று இருந்த ஒரே வழி அந்த அட்டைதான், அதுவும் அவர் சட்டைப்பையில்.

அப்போதுதான் என் தம்பி சிவகுமாருக்குப் பெண் அமைந்தது. பொங்கலூர்ப் பக்கம். தை மாசம் முகூர்த்தம். எங்கள் கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பட்டுக் கட்டி, நகை போட்டு, கல்யாணப்பெண் மாதிரியே ஜோடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. அவனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, "அக்கா, நீ வந்துருவீல்ல? நீ இல்லாட்டி நான் மணையில உக்கார மாட்டேன், பாத்துக்க" என்றான். இந்தத் தடவை என் கணவரும் மறுக்கவில்லை. "உன்ற பேர்லயே போட்டர்லாம்" என்றார். நான் பெட்டியைக்கூட இறக்கி வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் பையர் என்கிற பிறவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் என் அப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார். எங்களிடம் துணி வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்தான் பையர். அவர் வருகிறார் என்றால் தையல்காரர்கள் வரைக்கும் வெள்ளைச் சட்டை. அவருக்கென்றே ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டி, பூட்டி, சாவியை அப்பா இடுப்பில் செருகியிருந்தார். நாங்கள் ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. ஒருமுறை சாப்பிட வந்த பையர், எங்கள் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைப் பார்த்து "நைஸ்" என்றார். மறுநாள் அது சாம்பிள் துணிகளோடு அட்டைப்பெட்டியில் ஏறிவிட்டது. அம்மாவின் சீதன விளக்கு. அம்மாவேதான் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். பையர் நல்லா இருக்கு என்றால் பேக் பண்ணு என்று அர்த்தம். எங்கள் ஊர் அகராதி அப்படி. என் கணவர் படித்ததும் அதே அகராதிதான்.

கார்த்திகை மாசத்தில் ஒரு நாள் அவருடைய முதலாளி எங்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அவர் மனைவி பிரிகிட்டே நல்ல மாதிரி, கலகலவென்று பேசுவாள். தம்பி கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கைவீசிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு அவள், "டாஸ் வேரே ஷேன்" என்றாள். இப்படி ஒன்றைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு உருளைக்கிழங்குக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். நானும் கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் என் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சொன்னார். டிக்கெட் போட்டாயிற்று, பிரிகிட்டே பெயரில். முதலாளியும் என் கணவரும் கம்பெனி செலவில் அதே விமானத்தில் போகிறார்கள். திருப்பூருக்கு அந்த முதலாளிதானே பையர்; அவர் மனைவி பையரம்மாவுக்கு நம் அன்பளிப்பு, அகல சீட்டு.

"பையரம்மா ஆசைப்பட்டுட்டாங்க புள்ள."

"நானுந்தானுங்க ஆசைப்பட்டேன்!"

"நீ ஊட்டுக்காரி. உனக்குச் சொன்னா புரிஞ்சுக்குவே. அவங்களுக்குப் போய் என்னன்னு சொல்றது?"

அட, புரிந்துகொள்கிறவள் தலையில்தான் எல்லாம் விடியும் போல! அழுதேன், தட்டைப் போட்டு உடைத்தேன், பேசாமல் இருந்தேன். மைல்கள் போனது போனதுதான். கடைசியில் அம்மாவாவது எனக்காக நாலு வார்த்தை கேட்பாள் என்று போன் செய்தேன். அம்மா குரலில் அவ்வளவு பூரிப்பு. "பையரம்மாவே நம்ம ஊட்டுக் கண்ணாலத்துக்கு வர்றாங்களாமா கண்ணு? உங்கொப்பனுக்குக் காலு தரையில நிக்கல. நீ அடுத்த வருசம் வந்துக்கலாஞ் சாமி. சீருக்குப் பெரியப்பன் மக சரசுவ நிறுத்திக்கலாம்." தம்பி லைனுக்கு வந்தான். "அக்கா..." என்றான். பிறகு, "மாமா சொன்னாருங்க்கா" என்றான். மணையில் உட்கார மாட்டேன் என்றவன் போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டான். இந்த வீட்டைப் பார்க்கவா இத்தனை நாள் கிடந்து தவித்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பெண்களே, உங்களுக்கும் சொல்கிறேன்: நாம் ஊரை நினைத்து ஏங்குகிற அளவுக்கு ஊர் நம்மை நினைத்து ஏங்குகிறது என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

முகூர்த்தத்தன்று ஹாம்பர்க்கில் பனி கொட்டியது. துணி துவைத்தேன். தலையைச் சீவவில்லை.

பிரிகிட்டே திரும்பி வந்ததும் என்னைக் காபிக்குக் கூப்பிட்டாள். மணிக்கட்டில் என் அம்மா போட்டுவிட்ட கண்ணாடி வளையல். முதல் வேலையாக என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். "அன்றைக்கு நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அந்த வெயில் எனக்கு ஆகவே ஆகாது. டிக்கெட் வேண்டாம் என்று என் கணவரும் எவ்வளவோ சொன்னார். உன் கணவர் முகம் வாடிப்போனது. மறுத்தால் உங்கள் வழக்கப்படி அவமானமாகிவிடுமோ என்று பயந்து கிளம்பினோம். நீயும் வருவாய் என்றுதான் நினைத்தேன்." ஒருத்தி மரியாதைக்குச் சொல்ல, ஒருவர் மரியாதைக்குக் கொடுக்க, அவள் மரியாதைக்கு வாங்கிக்கொள்ள, எனக்கு மட்டும் யாரும் மரியாதை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு போட்டோக்களை மேஜையில் பரப்பினாள். முன்வரிசை நாற்காலியில் பட்டுச்சேலை கட்டி அவள். அவளுக்கு விசிறிக்கொண்டு என் அப்பா. பந்தி விசாரிக்கும் என் கணவர். அடுத்த படத்தில் பட்டு வேட்டியில் என் தம்பி. அவன் கையிலிருந்த கூறைச்சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, என் அம்மாவின் காசுமாலையைப் போட்டுக்கொண்டு சரசு.

"இதுதானே மணப்பெண்? ஆனால் தாலி கட்டும்போது வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் குழப்பமாகிவிட்டது" என்றாள் பிரிகிட்டே.

"இது மணப்பெண் இல்லை. இந்தச் சீரில் மாப்பிள்ளையோடு அவன் சகோதரி நிற்பாள்."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆபர் டூ பிஸ்ட் டோஹ் டீ ஷ்வெஸ்டர்?" என்றாள். சகோதரி நீதானே என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை ஊரில் ஒரு ஆள் கேட்டிருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

நான் சரசுவின் மேல் விரலை வைத்தேன். இல்லை, அங்கே நிற்கிற இவள்தான் சகோதரி என்று ஜெர்மனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

பிரிகிட்டே என் தோளைத் தட்டினாள். உன் ஜெர்மன் இப்போது ரொம்ப நன்றாக வந்துவிட்டது, பிழையே இல்லை என்றாள்.