மதினிக்கு மாற்றிப் படித்த அட்டை

வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டின் லய வீட்டு வரிசையில் எங்கள் பக்கத்து வீடு பாக்கியம் மதினி. எழுதப் படிக்கத் தெரியாதவர். தினமும் கொழுந்தெடுக்கப் போகுமுன் என்னிடமுள்ள பைபிள் வசன அட்டைப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார், நான் வாசிப்பேன். அதை வைத்து அன்று முழுக்கத் தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் குழாயடியில் யார் குடம் முதலில் என்று எங்களுக்குள் சண்டை. மறுநாள் காலையும் மதினி வழக்கம்போல் வந்தார். அவர் எடுத்தது ஆறுதல் வசனம். நானோ, "உன் அக்கிரமம் உன் வாசலுக்கே வரும்" என்று அதில் இல்லாததைப் படித்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

மாலையில் குழாயடியில் என் குடத்தை அவரே முதலில் வைத்தார். "காலையிலருந்து யோசிச்சுப் பாக்கேன் புள்ள. என்ன அக்கிரமம் செஞ்சேன்னு தெரியல. ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு, திருத்திக்கிடுதேன்" என்றார். அவருடைய மத்தியானச் சோறு தூக்குவாளியில் அப்படியே இருந்தது.

இப்போதெல்லாம் அட்டையை நான் கையில் வாங்குவதில்லை. அவரே பிடித்திருக்க, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுகிறேன். எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டார். நான் மாற்றிப் படித்த அந்த அட்டையையும் ஒருநாள் படித்துவிடுவார். அதற்குள் நானே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னும் சொல்லவில்லை.